கிருஷ்ண ஜெயந்திக்கு வீட்டிலேயே குழந்தை போட்டோ: ஆன்லைன் செட்டும் மதுரையில் தைத்த செட்டும்

கைக்குழந்தைக்குக் கண்ணன் வேஷம் போட்டு வீட்டிலேயே படம் எடுக்கலாமா, ஸ்டுடியோவுக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இரண்டு செட் வாங்கினோம். ஒன்று ஆன்லைனில் 399 ரூபாய்க்கு வந்த ரெடிமேட் செட், இன்னொன்று மதுரை குன்னத்தூர் சத்திரத்துத் தையல் கடையில் அளவு கொடுத்து 480 ரூபாய்க்குத் தைத்தது. முதலாவதற்கு ஐந்துக்கு ஒன்றரை கொடுப்பேன், இரண்டாவதற்கு நாலரை. விலையில் வித்தியாசம் 81 ரூபாய்தான். ஆனால் ஒன்றைப் போட்டதும் பையன் வீறிட்டு அழுதான், இன்னொன்றைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் தவழ்ந்து விளையாடினான். குழந்தை போட்டோவில் இதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஸ்டுடியோவிலும் விசாரித்தோம். பண்டிகைத் தீம் ஷூட்டுக்கு 4,500 ரூபாய், எடிட் செய்த படம் பத்து கொடுப்பார்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக்காசு. அநியாயம் என்று சொல்ல மாட்டேன், இடவாடகை, லைட், ஆள், செட்டு போடுகிற செலவு என்று அவர்களுக்கும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் எட்டு மாதக் குழந்தை அவர்கள் கொடுக்கிற நேரத்துக்குத் தூங்கி எழுந்து, பால் குடித்து, சந்தோஷமாக இருக்க வேண்டுமே. வீட்டில் என்றால் அவன் எழுந்த பிறகு நாம் ஆரம்பிக்கலாம், சிணுங்கினால் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம். வேஷம், புல்லாங்குழல், கலயம், சார்ட் அட்டை, பிரிண்ட், சின்ன ஆல்பம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,000 ரூபாய்க்குள் முடிந்தது, அந்த ஆன்லைன் செட்டுக்குக் கொடுத்த காசைக் கணக்கில் சேர்க்காமல். அந்தக் காசில் பெரும்பகுதி இரண்டே இரண்டு விஷயத்துக்குப் போனது: குழந்தையின் தோலில் படுகிற துணி, கடைசியில் கையில் எடுத்துப் பார்க்கிற பிரிண்ட். மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது, அல்லது தேவையே இல்லை.

முதலில் அந்த ஆன்லைன் செட். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. மஞ்சள் வெல்வெட் கச்சம், சிவப்பு இடுப்புத் துணி, முத்துமாலை, கைக்கு வங்கி, கிரீடம், மயிலிறகு, புல்லாங்குழல் என்று ஒன்பது உருப்படி. "0 முதல் 12 மாதம் வரை" என்று அளவு போட்டிருந்தார்கள். பிறந்த குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும் என்பதை விற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் எடுத்துப் பார்த்தது கிரீடத்தைத்தான். அட்டையில் தங்கக் காகிதம் ஒட்டி, ஓரத்தில் கல் பதித்திருந்தது. உள்பக்கம் விரலை ஓட்டினால் பசைத் துப்பாக்கியில் ஒட்டிய பசை இறுகி முள்ளு முள்ளாக நிற்கிறது. பின்னால் எலாஸ்டிக்கை இணைத்த இடத்தில் ஸ்டேப்ளர் பின், அதன் இரண்டு முனையும் உள்பக்கமாக, அதாவது குழந்தையின் மண்டைப் பக்கமாக மடங்கியிருந்தது. உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தையின் தலையில் வைக்கிற பொருள் இது. எவ்வளவு பொறுப்பில்லாத வேலை!

கச்சத்துக்கு உள் துணியே இல்லை. வெல்வெட்டின் பின்பக்கம் சொரசொரவென்று இருக்கும், ஜரிகை பார்டரை அதோடு சேர்த்துத் தைத்ததால் தொடை இடுக்கில் ஜரிகை நேராக உரசுகிறது. போட்டுவிட்ட கொஞ்ச நேரத்தில் அவன் தொடையில் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. முத்துமாலை ஒரே நூலில் கோத்தது, முத்துக்கு முத்து முடிச்சு கிடையாது. லேசாக இழுத்துப் பார்த்தேன், அறுந்து அத்தனை முத்தும் தரையில் ஓடின. கையில் கிடைத்ததை வாயில் போடுகிற வயது, ஒரு முத்து சோபாவுக்கு அடியில் தங்கியிருந்தால் கூட ஆபத்து. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், பிரித்துவிட்டீர்கள், வேஷ உடைகளுக்கு ரிட்டர்ன் இல்லை என்றார்கள். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒன்றரை மதிப்பெண் அந்தப் புல்லாங்குழலுக்கும் மயிலிறகுக்கும்தான், அவை இரண்டும் நன்றாகவே இருந்தன.

இப்போது தைத்த செட். மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம் தெரியாமல் இருக்காது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் காலத்தில் கட்டிய மண்டபம். முன்பு தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் போட்டு வரிசையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சாமி வஸ்திரம், குடை, தொம்பை (கோயிலில் தொங்கவிடுகிற துணிக் குழாய்), சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேஷம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். அந்தக் கடைகளைப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய மண்டபத்தின் குளிர்ச்சியும் இருட்டும் இங்கே இல்லை, ஆனால் கைகள் அதே கைகள். சாமிக்குத் தைக்கிறவர்களுக்குச் சின்ன அளவில் பஞ்சகச்சம் தைப்பதெல்லாம் சாதாரண வேலை. உற்சவ விக்கிரகத்துக்கே தைக்கிறார்கள், எட்டு மாதக் குழந்தைக்குத் தைக்க மாட்டார்களா?

நாங்கள் போன கடையில் அறுபது வயது இருக்கும் ஒரு தையல்காரர். நான் துணியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம் தாயி?"

"எட்டு மாசம்ண்ணே."

"உக்காருவானா?"

"உக்காருவான், தவழவும் ஆரம்பிச்சிட்டான்."

"அப்ப கச்சத்த முட்டிக்கு மேலயே நிப்பாட்டிருவோம். கீழ எறங்குச்சுன்னா தவழுறப்ப முட்டியில சிக்கிக் குப்புற விழுந்துருவான்."

இதைத்தான் நான் தொழில் என்பேன். 399 ரூபாய் செட்டை வடிவமைத்தவர் யாரோ, தவழுகிற குழந்தையை மனதில் வைத்து வடிவமைக்கவில்லை. இவர் அளவு எடுப்பதற்கு முன்னாலேயே குழந்தை என்ன செய்யும் என்று கேட்டார்.

தைத்து வந்ததைச் சொல்கிறேன். வெளியே மஞ்சள் ஆர்ட் சில்க், உள்ளே முழுக்க மெல்லிய வெள்ளைப் பருத்தியான மல் துணி. ஜரிகை பார்டர் வெளிப்பக்கம் மட்டும், தோலில் படுகிற இடம் எதிலும் ஒரு இழை ஜரிகை கிடையாது. இடுப்பில் எலாஸ்டிக்கைத் துணிக்குழாய்க்குள் விட்டுத் தைத்திருக்கிறார், அதனால் வயிற்றில் அச்சு விழவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் திறந்து நாடா கட்டுகிற மாதிரி வைத்ததால் படுக்கப்போட்டபடியே டயப்பருக்கு மேல் சுற்றிக் கட்டிவிடலாம், காலைத் தூக்கி நுழைக்கிற போராட்டம் இல்லை. முன் கொசுவத்தை மடித்துத் தையல் போட்டு நிறுத்தியிருக்கிறார், உட்கார்ந்தால் விசிறி மாதிரி விரிந்து நிற்கிறது. கிரீடமே வேண்டாம் என்று சொல்லி அதற்குப் பதிலாகத் துணியில் ஒரு தலைப்பட்டை கேட்டேன். முன்னால் மயிலிறகு செருக ஒரு சின்னப் பை, பின்னால் நாடா. அவ்வளவுதான், அவன் அதைப் பிடுங்கி எறியவே இல்லை, தலையில் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சொன்ன தேதிக்குக் கிடைக்கவில்லை, போன் செய்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பில் கிடையாது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு வருகிற கூட்டமும் அதே சமயத்தில் சேர்ந்துகொள்வதால் நின்று பேசக்கூட இடமில்லை. கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அளவு மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் போனால் போதும்.

நகைகளை நாங்கள் அநேகமாக எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டோம். இடுப்பில் ஏற்கெனவே இருக்கிற வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு, நெற்றியில் சந்தனம். மாலைக்குத் துளசி கட்டிப் போட்டோம். ஆனால் பூ கட்டுகிறவரிடம் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் நூல் கழுத்தை அறுக்கும். உடம்புக்கு நீலச் சாயம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கைக்குழந்தையின் தோல் மெல்லியது, எதைப் பூசினாலும் கையை வாயில் வைத்துச் சப்பும்போது அது வயிற்றுக்குள்தான் போகும். கண்ணுக்கு மை தீட்டுவதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், சில மைகளில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று எங்கள் அத்தை பிடிவாதமாக இருந்தார்கள், உள்ளங்காலில் வைத்துவிட்டோம், படத்தில் அது தெரிகிறபோது இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். உடுப்புக்குப் பிறகு நான் அதிகம் மெனக்கெட்டது இதற்குத்தான், இதற்கு ஆன செலவு 30 ரூபாய். எங்கள் வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது, காலையில் வெயில் நேராக அடிக்கும். நேர்வெயிலில் குழந்தை கண்ணைச் சுருக்கும், முகத்தில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுத்துப் போகும். அதனால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டினோம், வெயில் அதில் பட்டுப் பரவி அறை முழுக்க மெத்தென்று ஒரு வெளிச்சம் வந்தது. வடக்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறவர்களுக்கு வேட்டிகூட வேண்டாம், அநேகமாக நாள் முழுக்க நேர்வெயில் இல்லாத வெளிச்சம் கிடைக்கும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு கை தூரத்தில் குழந்தையை உட்காரவைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளை சார்ட் அட்டையை நாற்காலியில் சாய்த்து வைத்தோம். அந்த அட்டை இருக்கிற படத்தையும் இல்லாத படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கன்னத்து நிழலில் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரியும். தெர்மாகோல் இன்னும் நன்றாகப் பிரதிபலிக்கும், ஆனால் குழந்தை கடித்தால் உதிர்ந்து வாய்க்குள் போகும், அதனால் சார்ட்டே போதும்.

அப்புறம், டியூப் லைட்டையும் பல்பையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், வீட்டு லைட் இன்னொரு நிறம், இரண்டும் சேர்ந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் ஒரு கன்னம் நீலமாகவும் விழும், எந்த ஆப்பிலும் அதைச் சரிசெய்வது கஷ்டம். ரிங் லைட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்க வேண்டாம். பகலில் ஜன்னல் இருக்கிற வீட்டில் அது தேவையில்லை, குழந்தை கேமராவைப் பார்க்காமல் அந்த வளையத்தையே வெறித்துப் பார்க்கும்.

பின்னணிக்கு அச்சடித்த பிருந்தாவன பேனர் ஆன்லைனில் கிடைக்கிறது. அது மடிப்பு மடிப்பாக வரும், பளபளப்பில் வெளிச்சம் அடிக்கும். அதைவிட அம்மாவின் புடவை எவ்வளவோ மேல். நாங்கள் அடர்பச்சை மதுரைச் சுங்குடி ஒன்றைக் கட்டினோம். அந்தச் சின்னச் சின்னப் புள்ளிகள் பின்னால் மங்கலாகத் தெரிவது அவ்வளவு அழகாக இருந்தது, மஞ்சள் கச்சமும் தனியாக எடுத்துக்காட்டியது. தரைக்கு இன்னொரு வெள்ளை வேட்டி. சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை, கர்ட்டன் கம்பியிலேயே புடவையை மாட்டிவிடலாம். புடவைக்கும் குழந்தைக்கும் நடுவே மூன்று நான்கு அடி இடைவெளி விடுங்கள், சுருக்கம் எதுவும் கண்ணில் படாது.

வெண்ணெய்ப் பானை இல்லாமல் கண்ணன் ஏது. மண் கலயம் 40 ரூபாய்க்கு வாங்கினோம், உள்ளே தண்ணீர் ஊற்றி ஒருநாள் வைத்துத் தேய்த்துக் கழுவினோம், ஏனென்றால் அவன் கண்டிப்பாக அதை நக்குவான். நிறைய பேர் வெண்ணெய்க்குப் பதில் பஞ்சு வைக்கிறார்கள். பஞ்சு வாய்க்குள் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், தயவுசெய்து செய்யாதீர்கள். உண்மையான வெண்ணெய் மதுரை வெக்கையில் நொடியில் உருகி எண்ணெயாகிவிடும். நாங்கள் வைத்தது கட்டித் தயிர். முதல்நாள் இரவு துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து, படத்தில் பார்த்தால் வெண்ணெய் என்றுதான் சொல்வார்கள். ஏற்கெனவே அவன் தயிர்சாதம் சாப்பிடப் பழகியிருந்ததால் கவலையில்லாமல் கையை விட்டு அள்ளவிட்டோம். எங்கள் தொகுப்பில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிற படம் அதுதான்: வலது கை கலயத்துக்குள் மணிக்கட்டு வரை, மூக்கு நுனியில் தயிர், நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிற பார்வை. யாரும் சொல்லிக்கொடுத்து அந்தப் பார்வை வராது.

மாவுக்கால் பதிப்பது இன்னொரு நல்ல வாய்ப்பு. வழக்கமாகக் கையை மூடிப் பக்கவாட்டில் மாவில் தோய்த்துப் பதித்து, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்துக் கால் போடுவோம் இல்லையா, அதற்குப் பதிலாக அவனுடைய பாதத்தையே அரிசிமாவுக் கரைசலில் நனைத்துக் கறுப்புச் சார்ட்டில் பதித்தோம். அதை மேலே இருந்து படம் எடுத்தோம், சார்ட்டையும் தேதி எழுதி வைத்துக்கொண்டோம். தரையில் செய்தால் ஈரமாவு வழுக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் கவனம்.

போனைப் பற்றிக் கொஞ்சம். எங்களுடையது சாதாரண ஆண்ட்ராய்டு போன், விலையுயர்ந்தது எதுவுமில்லை. கேமராவில் பியூட்டி என்று இருப்பதை முதலில் அணைத்துவிடுங்கள், குழந்தையின் கன்னத்துப் பூனைமுடியையும் புருவத்தையும் வழித்துப் பொம்மையாக்கிவிடும். போர்ட்ரெய்ட் மோடு இந்தப் படத்துக்கு வேண்டாம். அது எது முன்னால், எது பின்னால் என்று தானாகக் கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது, மயிலிறகின் மெல்லிய இழைகள் அந்தக் கணக்கில் பாதி அழிந்து, இறகின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டினது போல் விழுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். சாதாரண மோடில் எடுத்துவிட்டுப் புடவையைத் தள்ளிக் கட்டினாலே போதுமான மங்கல் கிடைக்கும். ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெரிதாகிக் காது சின்னதாகத் தெரியும், நாலைந்து அடி தள்ளிப்போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். நின்றபடி எடுக்காதீர்கள், தரையில் குப்புறப் படுத்து அவன் கண் உயரத்தில் போனை வையுங்கள்.

படம் எடுக்கிறவர் படம் மட்டும்தான் எடுக்க வேண்டும். குழந்தையைச் சிரிக்கவைப்பது இன்னொருவர் வேலை. அவர் கேமராவுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும், பக்கத்தில் நின்றால் எல்லாப் படத்திலும் பார்வை ஓரமாகவே போகும். மூன்றாவதாக ஒருவர் படத்துக்கு வெளியே, கை எட்டுகிற தூரத்தில், சாய்ந்தால் பிடிக்கத் தயாராக. எங்கள் அத்தை ஒரு தட்டைக் கரண்டியால் தட்டி "கண்ணா, இங்க பாரு" என்று பாடினார்கள், ஆன்லைனில் வாங்குகிற எந்தக் கிலுகிலுப்பையும் அந்தக் குரலுக்கு ஈடாகாது. தொடர்ச்சியாகப் படம் எடுக்கிற பர்ஸ்ட் வசதியைப் பயன்படுத்துங்கள், நூறு படம் விழுந்தால் பத்து தேறும், அது போதும். வீடியோ எடுத்து அதிலிருந்து படம் பிரிக்கலாம் என்பவர்களுக்கு: 4கே வீடியோவில் ஒரு பிரேம் ஏறத்தாழ 8 மெகாபிக்சல், சின்ன பிரிண்ட்டுக்குத் தாராளம், ஆனால் கை கால் ஆடும்போது கலங்கித்தான் விழும்.

இதே ஏற்பாட்டில் பொங்கலும் எடுக்கலாம், புடவையை மாற்றினால் போதும். கரும்பின் தோகை பிளேடு மாதிரி கீறும், தோகையைக் கழித்துவிட்டுத் துண்டாக வையுங்கள். மஞ்சள் கொத்தும் கலயமும் ஏற்கெனவே வீட்டில் இருக்கும். தீபாவளிக்கு விளக்கு ஏற்றி வைத்துக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைக்கவே கூடாது, ஏற்றாத அகல் போதும்.

கிறிஸ்துமஸ் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அவர்கள் பிள்ளைக்கு எடுக்க எங்களிடம்தான் யோசனை கேட்டார்கள். சீரியல் லைட்டை நாலைந்து அடி பின்னால் தொங்கவிட்டு, மாலை மங்குகிற நேரத்தில் எடுத்தால் பின்னால் உருண்டை உருண்டையாக ஒளி விழும், அற்புதமாக இருக்கும். ஆனால் கடைகளில் விற்கிற சின்ன ஒயர் லைட்டுகளில் பல பட்டன் செல்லில், அதாவது காசு மாதிரி இருக்கிற சின்ன பேட்டரியில் ஓடுகிறவை. அந்தச் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். செல் பெட்டிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அந்த லைட் குழந்தை இருக்கிற அறைக்கே வேண்டாம். சாண்டா தொப்பியில் முகத்தை ஒட்டி வருகிற பஞ்சு உதிர்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். பிறந்து சில நாளேயான குழந்தையை, கன்னத்தில் கைவைத்து முட்டி போட்டுத் தூங்குகிற மாதிரி எடுக்கிற படங்கள் இருக்கின்றனவே, அவற்றை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. அந்தப் படங்கள் அநேகமாக இரண்டு மூன்று படங்களை ஒட்டிச் செய்வது, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் குழந்தையின் தலையையோ கையையோ பிடித்துக்கொண்டிருப்பார், பிறகு அந்தக் கையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் காசு கொடுத்துப் போவதுதான் சரி. உட்காரப் பழகிய குழந்தைக்குப் பண்டிகை வேஷம் என்றால் வீடுதான் சரி.

பிரிண்ட். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாம் போனுக்குள்ளேயே கிடந்து பழசாகும். நாங்கள் 4-க்கு 6 அங்குல அளவில் 20 படம் போட்டோம், ஒன்று 12 ரூபாய். போன் கேமரா எடுப்பது 4-க்கு 3 என்ற விகிதம், இந்தப் பிரிண்ட் 3-க்கு 2. அதனால் பிரிண்ட் போடுகிற லேபில் அப்படியே கொடுத்தால் படுக்கைவாட்டில் எடுத்த படத்தை மேலேயோ கீழேயோ, நெட்டுவாக்கில் எடுத்ததைப் பக்கங்களிலோ வெட்டிவிடுவார்கள், முதலில் போட்டுக் கொடுத்த ஒரு படத்தில் மயிலிறகு பாதியில் நின்றது. நீங்களே போனில் 3-க்கு 2 என்று வெட்டிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, எடுக்கும்போதே குழந்தையைச் சுற்றிலும் இடம் விட்டால் இன்னும் நல்லது. லேபுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கித்தான் போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். இன்னொன்று, பல லேபுகளில் மெஷின் தானாக நிறத்தை ஏற்றும். எங்களுக்கு முதல் பிரதியில் குழந்தையின் நிறத்தையே வெளுக்கவைத்துக் கொடுத்தார்கள். "கலர் கரெக்‌ஷன் வேண்டாம், இருக்கிற மாதிரியே போடுங்க" என்று சொன்ன பிறகுதான் எங்கள் பிள்ளையின் மாநிறம் அப்படியே வந்தது. அந்த நிறத்தைத்தான் நாங்கள் பார்க்க ஆசைப்படுகிறோம், யாரும் அதை மாற்ற வேண்டியதில்லை. பளபளப்புத் தாளைவிட மேட் தாள் நல்லது, தாத்தா பாட்டி கையில் எடுத்து எடுத்துப் பார்க்கும்போது விரல்தடம் பதியாது.

தைக்கக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு: கிருஷ்ண ஜெயந்தி பெரும்பாலும் ஆவணியில் வருவதால் ஆடியிலேயே போய்விடுங்கள், பள்ளிக்கூடக் கூட்டம் அப்போது இருக்காது. இடுப்பளவை டயப்பர் போட்டபடி, உட்காரவைத்து எடுங்கள், படுத்திருக்கும்போது எடுத்தால் உட்கார்ந்ததும் தொப்பை தள்ளி இறுக்கும். தொடைச் சுற்றளவு, இடுப்பிலிருந்து முட்டி வரை உயரம், தலைச் சுற்றளவு, இந்த நாலும் போதும். உள்ளே மல் துணி வைக்கச் சொல்வதற்கு மறக்காதீர்கள், கேட்டால்தான் வைப்பார்கள், அதற்கு எங்களிடம் கூடுதலாக வாங்கியது 60 ரூபாய், மேலே சொன்ன 480-இல் அதுவும் சேர்த்திதான்.